பாட்டிகள் நடத்தும் பல்கலைக்கழகங்கள்

செப்டம்பரில் இங்கிலாந்துக்குப் படிக்கப் போகிற பிள்ளை உள்ள வீட்டுக்கு ஆகஸ்டில் ஒருமுறை போய்ப் பாருங்கள். படிப்பைப் பற்றி யாராவது ஒரு வார்த்தை பேசினால் என் காதை அறுத்துக்கொள்கிறேன். வில்லங்கச் சான்று பேசப்படும். நோட்டரி பேசப்படுவார். நெஞ்சு எக்ஸ்ரே, தெர்மல் பனியன், குக்கர் கேஸ்கெட், இன்றைக்குப் பவுண்டு என்ன விலை, எல்லாம் பேசப்படும். பிள்ளை என்ன பாடம் படிக்கப் போகிறது என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். அப்பா அம்மாவைப் பார்ப்பார், அம்மா பிள்ளையைப் பார்ப்பார், பிள்ளை கன்சல்டன்சிக்காரர் கொடுத்த ஃபைலைத் திறந்து பார்க்கும்.

எங்கள் மாடியில் குடியிருப்பவர் மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டர். மழைநாளில் கம்பம் ஏறிச் சம்பாதித்த மனுஷர். மகள் கம்ப்யூட்டர் சயன்ஸில் பி.இ. முடித்துவிட்டு, 2025 செப்டம்பரில் இங்கிலாந்தின் நடுப்பகுதியில் உள்ள ஒரு பல்கலைக்கழகத்துக்கு ஒரு வருட எம்.எஸ்ஸி. படிக்கப் போனாள். நடுப்பகுதியாவது வடபகுதியாவது, தெருவுக்கு அது லண்டன்தான். அவள் கிளம்புவதற்கு முந்தைய மூன்று மாதக் கூத்தைப் பக்கத்திலிருந்து பார்த்தவன் என்கிற தகுதியில் இதை எழுதுகிறேன். வயிற்றெரிச்சலில் எழுதுகிறேன் என்றும் வைத்துக்கொள்ளலாம்.

ஆரம்பம் ஒரு நட்சத்திர ஓட்டலின் ஏசி ஹால். கல்விக் கண்காட்சி. மேஜைக்கு மேஜை பிரிட்டன் கொடி, மேஜைக்குப் பின்னால் டை கட்டிய புன்னகை. “எங்க சர்வீஸ் கம்ப்ளீட்டா ஃப்ரீ அங்கிள். ஒரு பைசா தர வேணாம்” என்றது அந்தப் புன்னகை. லைன் இன்ஸ்பெக்டருக்குக் கண் கலங்கிவிட்டது. இந்தக் காலத்தில் யார் இப்படி உதவுகிறார்கள்? அவரிடம் யாரும் சொல்லாதது, அந்தப் புன்னகைக்குப் பல்கலைக்கழகம் தலைக்கு இவ்வளவு என்று, முதலாண்டுக் கட்டணத்தில் ஒரு பங்கைக் கமிஷனாகக் கொடுக்கிறது என்பதை. மாட்டுத் தரகில் மாட்டிடம் யாரும் காசு கேட்பதில்லை.

எந்தக் கல்லூரி நல்லது என்று அவர் கேட்டார். எந்தக் கல்லூரி நல்ல கமிஷன் தருகிறதோ அதுதான் நல்ல கல்லூரி என்று தரகர் எப்படிச் சொல்வார்? “உங்க பொண்ணு புரொஃபைலுக்கு இதுதான் அங்கிள் பெஸ்ட்” என்றார். புரொஃபைல் என்றால் என்ன என்று அவருக்குத் தெரியாது. மகளுக்கு ஏதோ நல்லது இருக்கிறது என்று மட்டும் புரிந்துகொண்டார்.

பிறகு நேர்காணல் பயிற்சி. விசா கொடுக்கும் முன் இந்தப் பிள்ளை உண்மையிலேயே படிக்கத்தான் வருகிறதா என்று சோதிப்பார்களாம். அதற்குக் கேள்வித்தாளும் கன்சல்டன்சியே தரும், பதிலும் கன்சல்டன்சியே தரும். ‘ஏன் இந்தியாவில் படிக்கவில்லை?’ என்பது முதல் கேள்வி. ‘உலகத்தரமான ஆய்வுச் சூழலும் பன்முகப் பண்பாட்டு அனுபவமும்...’ என்று தொடங்கும் பதிலை அந்தப் பெண் இரவு பதினோரு மணிக்கு மொட்டை மாடியில் நடந்தபடி உருப்போட்டது என் ஜன்னலில் விழும். நாலு வருடம் பி.இ.யில் உருப்போட்டதுதான் பழக்கம், அதனால் நன்றாகவே வந்தது.

உண்மையான பதில் அவளிடம் இருந்தது. சொல்லத்தான் கூடாது. 2024 ஜூலையில் அறப்போர் இயக்கம் வெளியிட்டதே ஒரு பட்டியல், நினைவிருக்கிறதா? தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரிகளில் முந்நூற்றுக்கும் மேற்பட்ட பேராசிரியர்கள் ஒரே நேரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட கல்லூரிகளில் முழுநேரப் பணியில் இருப்பதாகக் கணக்குக் காட்டப்பட்டிருந்தது. ஒருவர் பத்துக்கும் மேற்பட்ட கல்லூரிகளில் இருந்தார். தூணிலும் இருப்பார், துரும்பிலும் இருப்பார். வகுப்பறையில் மட்டும் இருக்க மாட்டார். ஆய்வுக்கு வந்த குழுக்கள் அந்தத் தூண்களையும் துரும்புகளையும் எண்ணிப் பார்த்து அங்கீகாரம் கொடுத்துவிட்டுப் போயின. ‘ஏன் இந்தியாவில் படிக்கவில்லை?’ என்று கேட்டால், ‘படித்தேனே ஐயா, நாலு வருடம், எனக்குப் பாடம் எடுத்தவர் இன்னொரு மாவட்டத்தில் இருந்தார்’ என்று சொல்லிவிட்டு வர வேண்டியதுதான் நியாயம்.

இரண்டாவது கேள்வி: ‘படிப்பு முடிந்ததும் என்ன செய்வீர்கள்?’ இதற்குத் தாய்நாடு திரும்புவேன் என்று சொல்ல வேண்டும். கண்காட்சி ஹாலின் வாசலிலேயே ஆளுயரப் பேனரில் ‘படிப்புக்குப் பிறகு 2 ஆண்டு வேலை அனுமதி’ என்று போட்டுத்தான் கூட்டத்தை உள்ளே இழுத்தார்கள். கேட்பவருக்கும் தெரியும், சொல்பவளுக்கும் தெரியும், நடுவில் சொல்லிக்கொடுத்தவருக்கு நன்றாகவே தெரியும். அரிச்சந்திரன் பிறந்த நாட்டுப் பிள்ளைகளுக்கு வெளிநாட்டுக் கல்வியின் முதல் பாடம் கூசாமல் பொய் சொல்வது.

அந்த 2 ஆண்டும் 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிக்கிறவர்களுக்கு 18 மாதமாகிறது. கோர்ஸ் முடிந்ததைப் பல்கலைக்கழகம் அங்குள்ள உள்துறைக்குத் தெரிவித்த பிறகுதான் அந்த அனுமதிக்கே விண்ணப்பிக்க முடியும். ஆக, மாடிவீட்டுப் பெண்ணின் ஆய்வுக்கட்டுரையை டிசம்பருக்குள் திருத்தி முடிக்கும் சுறுசுறுப்பு அங்குள்ள பேராசிரியருக்கு இருந்தால் இரண்டு வருடம். அவர் கிறிஸ்துமஸ் விடுமுறைக்குப் போய்விட்டால் ஆறு மாதம் போச்சு. இதைப் பேனரில் போட இடம் போதாதுதான்.

பெயர்க் கதைக்கு வருவோம். தமிழனுக்குக் குடும்பப்பெயர் கிடையாது, இருப்பது இனிஷியல். மார்க்‌ஷீட்டில் இனிஷியல் முன்னால், ஆதாரில் பின்னால், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக. பட்டச் சான்றிதழில் அந்த அப்பா பெயரில் ஒரு ‘எச்’ குறைவு. இந்த நாலு பேரும் ஒரே ஆள்தான் என்று முத்திரைத்தாளில் எழுதி நோட்டரியிடம் கையெழுத்து வாங்க வேண்டும். பிரமாணப் பத்திரத்துக்கு 20 ரூபாயாக இருந்த முத்திரைத்தாளை 2024-ல் தமிழ்நாடு அரசு 200 ஆக்கியது. நீ நீதான் என்று நிரூபிக்க 20 ரூபாய் ரொம்ப மலிவு என்று தோன்றியிருக்கும். நோட்டரி அவளை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் ‘என் முன்னிலையில் கையொப்பமிட்டார்’ என்ற சீலை ஓங்கிக் குத்தினார். இத்தனைக்கும் பிறகு பல்கலைக்கழகத்திலிருந்து வந்த முதல் மின்னஞ்சலில் அவளை ‘அன்புள்ள ஏழுமலை’ என்று விளித்திருந்தார்கள். அப்பா அதைப் பிரிண்ட் எடுத்து வைத்திருக்கிறார். வாழ்க்கையில் அவருக்கு முதல் தடவையாக ஒரு வெள்ளைக்காரர் ‘அன்புள்ள’ போட்டுக் கடிதம் எழுதியிருக்கிறாராம்.

டிரான்ஸ்கிரிப்ட் வாங்க நம் ஊர்ப் பல்கலைக்கழகத்துக்கு நடந்தது தனிப் புராணம்; அதில் புதிதாக ஒன்றுமில்லை. செக்‌ஷன் ஆள் லீவு, அவர் வந்தால் கையெழுத்துப் போடுபவர் லீவு. ஒன்றை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன். ‘இவர் முழுக்க ஆங்கில வழியில் பயின்றவர்’ என்று கல்லூரி ஒரு சான்றுக் கடிதம் கொடுத்தது. நாலு வரி ஆங்கிலத்தில் மூன்று பிழை. அவளே வீட்டில் திருத்தி டைப் அடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தாள். முதல்வர் அதில் கையெழுத்துப் போட்டுத் தந்தார். அவளுக்கு ஆங்கிலம் தெரியும் என்பதற்கு அதைவிட நல்ல சான்று கிடையாது.

இனிப் பணம்.

அரசு வங்கியில் கல்விக்கடன் ஏழரை லட்சத்தைத் தாண்டினால் பொதுவாகச் சொத்து ஈடு வேண்டும். லைன் இன்ஸ்பெக்டர் சென்னையில் வாடகைக்கு இருப்பவர். மதுராந்தகம் பக்கத்தில் அவருடைய அம்மா பெயரில் ஒரு ஓட்டு வீடும் சுற்றி மனையும் உண்டு. வங்கியின் வக்கீல் முப்பது வருட வில்லங்கம் கேட்டார், தாய்ப்பத்திரம் கேட்டார், பட்டா கேட்டார். நாளைக்கு அத்தைகள் வந்து வழக்குப் போட்டால் என்ன செய்வது என்று கேட்டு அவர்களிடமும் ஆட்சேபணை இல்லையென்று எழுதி வாங்கச் சொன்னார். பத்து வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லாத சின்ன அத்தை வீட்டு வாசலில் பழத்தட்டோடு நிற்க வேண்டி வந்தது. இதையும் பயண ஏற்பாடு என்றே எழுதிக்கொள்ள வேண்டும்.

பத்திரத்தை வங்கியிடம் ஒப்படைத்ததைப் பதிவு செய்யச் சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் பாட்டியை ஆட்டோவில் கூட்டிப்போனார்கள். எழுபத்தெட்டு வயது. நாற்று நட்டு, புளி உடைத்துத் தேய்ந்த கை. ரேகை வைக்கும் மெஷினில் ஒரு விரலும் விழவில்லை. கட்டைவிரல் இல்லை, ஆள்காட்டி இல்லை. “பாட்டிம்மா, எண்ணெய் கிண்ணெய் தடவியிருக்கீங்களா? நல்லாத் தொடைச்சிட்டு அழுத்துங்க” என்றார் கம்ப்யூட்டர்காரர். கிழவி முந்தானையில் துடைத்துத் துடைத்து வைத்தாள். பச்சை விளக்கு எரியவேயில்லை. பின்னால் வரிசையில் நின்ற ரியல் எஸ்டேட்காரர் உச்சுக்கொட்டினார். வென்னீரில் கையை முக்கி எடுத்தால் விழும் என்று ஒரு பத்திர எழுத்தர் யோசனை சொல்ல, டீக்கடையிலிருந்து டம்ளரில் சுடுதண்ணீர் வந்தது. அதில் விரலை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான் அவள் மகனிடம் கேட்டாள்:

“எதுக்குடா இதெல்லாம்?”

“பாப்பா லண்டன் போறதுக்குத்தான்மா.”

“அதுக்கு நம்ம வூட்டையா கேக்குறாங்க, அந்த ஊர்க்காரங்க?”

எத்தனையோ கல்விக் கொள்கைகள் வந்துவிட்டன, எத்தனையோ கமிஷன்கள் அறிக்கை கொடுத்துவிட்டன. இதைவிடச் சரியான கேள்வியை எதிலும் நான் பார்த்ததில்லை. ஆம் பாட்டி, உன் வீட்டைத்தான் கேட்கிறார்கள். சொல்கிறேன் கேள்.

இங்கிலாந்தில் அந்த நாட்டுப் பிள்ளைகளிடம் இளநிலைப் படிப்புக்கு இவ்வளவுதான் வாங்கலாம் என்று அரசு ஓர் உச்சவரம்பு வைத்திருக்கிறது. 2017-ல் ஆண்டுக்கு 9,250 பவுண்டு என்று வைத்ததை எட்டு வருடம் அசைக்கவில்லை; 2025-ல்தான் 9,535 ஆக்கினார்கள். ஏற்றினால் ஓட்டுப் போய்விடும். இந்தக் காசில் கட்டுப்படியாகவில்லை என்று பல்கலைக்கழகங்கள் வருடக்கணக்காக மூக்கால் அழுகின்றன. பள்ளத்தை எப்படி நிரப்புவது? வெளிநாட்டுப் பிள்ளைகளின் கட்டணத்துக்கு உச்சவரம்பு கிடையாது. அவர்களுக்கு அந்த ஊரில் ஓட்டும் கிடையாது. (காமன்வெல்த் குடிமக்கள் அங்கே குடியிருந்தால் வாக்களிக்கலாம் என்று யாராவது திருத்த வருவார்கள். சரி, உண்டுதான், வேலை தேடி அலைகிற பிள்ளைக்கு அது ஞாபகம் வந்தால் போடட்டும்.) அங்குள்ள ஆய்வுக்கூடத்துக்கும் நூலகக் கணப்புக்கும் மதுராந்தகத்து ஓட்டு வீட்டின் மேல் வாங்கிய கடன் கைகொடுக்கிறது. உலகத்தரப் பல்கலைக்கழகங்களை நடத்துவது நம் பாட்டிகள். அவர்களுக்குத்தான் அது தெரியாது.

இதில் சென்னைக்கு ஒரு பழைய கணக்கும் பாக்கி இருக்கிறது. 1687 முதல் 1692 வரை புனித ஜார்ஜ் கோட்டையில் ஆளுநராக இருந்தவர் எலிஹு யேல். கம்பெனிச் சம்பளத்தைவிடச் சொந்த வியாபாரத்தில் கொழித்தவர், கோட்டையிலிருந்து அடிமைகள் கப்பலேறியது இவர் நிர்வாகத்தில், கடைசியில் முறைகேட்டுப் புகார்களில் பதவி போனது. அவர் 1718-ல் அமெரிக்காவில் ஒரு சின்னக் கல்லூரிக்குச் சில துணி மூட்டைகளும் நானூற்றுச் சொச்சம் புத்தகங்களும் அரசர் படம் ஒன்றும் அனுப்பிவைத்தார். துணிகளை விற்றதில் 562 பவுண்டு தேறியது. கல்லூரி நன்றி மறக்காமல் அவர் பெயரையே தனக்கு வைத்துக்கொண்டது. அதுதான் யேல் பல்கலைக்கழகம். நம் ஊரில் சுருட்டியதில் கொசுறு கொடுத்தவருக்குப் பல்கலைக்கழகமே பெயரில். தன் வீட்டையே தூக்கிக் கொடுத்த பாட்டிக்கு அங்கே ஒரு பெஞ்சில்கூடப் பெயர் இல்லை. நடுவிரல் ரேகை ஒருவழியாக விழுந்ததும் ரியல் எஸ்டேட்காரர்தான் கைதட்டினார், அதுவும் தன் முறை வந்த சந்தோஷத்தில்.

வீட்டை வைத்தாயிற்று, முடிந்தது என்று நினைத்தால், அப்போதுதான் 28 நாள் தவம் தொடங்குகிறது. மிச்சக் கட்டணமும் ஒன்பது மாதச் சாப்பாட்டுச் செலவும் கணக்கில் இருக்கிறது என்று காட்ட வேண்டும். 2025 ஜனவரிக் கணக்குப்படி லண்டனுக்கு வெளியே மாதம் 1,136 பவுண்டு, ஒன்பது மாதத்துக்கு 10,224. இந்தப் பணம் தொடர்ந்து 28 நாள் அசையாமல் இருக்க வேண்டும். 27 நாள் இருந்து ஒருநாள் குறைந்தாலும் விசா கிடையாது.

லைன் இன்ஸ்பெக்டர் என்ன செய்தார் தெரியுமா? பி.எஃப்.பில் எடுத்தார். சீட்டைத் தள்ளி எடுத்தார். போதவில்லை. மனைவியின் நகையையும், மகளுக்கென்று சேர்த்த நகையையும் வங்கியில் அடகு வைத்தார். அந்த நகைக்கடனை அதே வங்கியில், அதே கிளையில், தன் சேமிப்புக் கணக்கில் போட்டார். இருபத்தொன்பதாம் நாள் அதே மேனேஜரிடம் போய், ‘இவர் கணக்கில் போதிய பணம் இருக்கிறது’ என்று லெட்டர்ஹெட்டில் கடிதம் வாங்கினார். கடன்காரன் என்று அடமானச் சீட்டில் கையெழுத்துப் போட்ட அதே பேனா, வசதிக்காரன் என்று கடிதத்திலும் போட்டது. இடது கவுண்டரில் ஏழை, வலது கவுண்டரில் பணக்காரர். நடுவில் ஓடிய வட்டி மட்டும் நிஜம்.

இது யோக்கியர் வழி. நகையும் இல்லாதவர்களுக்கு ‘பேலன்ஸ் காட்ட’ வாடகைக்குப் பணம் விடுகிறவர்கள் இருக்கிறார்கள். கணக்கில் போடுவார்கள், செக் புத்தகத்தில் கையெழுத்து வாங்கி, நெட் பேங்கிங் பாஸ்வேர்டையும் தங்கள் கையில் வைத்துக்கொள்வார்கள், தவம் முடிந்ததும் பணம் வீடு திரும்பும். பிரிட்டன் அரசு பார்த்துப் பரிசோதிப்பது மாணவரின் அறிவையோ குடும்பத்தின் வசதியையோ அல்ல. 28 நாள் பொய்யைக் கலையாமல் காக்கும் ஒழுக்கத்தை.

அந்த 28 நாளும் மாடியில் மயான அமைதி. அந்தக் கணக்கிலிருந்து பால் காசுகூட எடுக்கக் கூடாது. ஏ.டி.எம். அட்டைக்கு ஆண்டுக் கட்டணம், எஸ்.எம்.எஸ்.ஸுக்குக் கட்டணம் என்று வங்கி திடீரென்று நூறு இருநூறு பிடித்துவிட்டால்? அதற்கென்று கொஞ்சம் கூடுதல். ரூபாய் மதிப்பு விழுந்துவிட்டால்? அதற்கும் கூடுதல். அமெரிக்க வட்டி விகிதம் பற்றியும் கச்சா எண்ணெய் பற்றியும் எங்கள் லைன் இன்ஸ்பெக்டர் அந்த மாதம் பேசியதைப் போல ரிசர்வ் வங்கி கவர்னர்கூடப் பேசியிருக்க மாட்டார். அவள் போய்ச் சேர்ந்த இரண்டாவது மாதம், நவம்பரில், அந்த 1,136-ஐ 1,171 ஆக்கினார்கள். அடுத்த பாட்டிகளுக்கு.

காசநோய் பரிசோதனைக்கு நெஞ்சு எக்ஸ்ரே எடுத்தார்கள். அதில் எனக்குச் சண்டையில்லை. நோய் பரவாமல் பார்ப்பது எந்த நாட்டுக்கும் கடமை. எனக்குச் சண்டை மருத்துவக் கூடுதல் கட்டணத்தோடு. மாணவருக்கு வருடத்துக்கு 776 பவுண்டு. ஒரு வருடப் படிப்புக்குப் பின்னால் ஒட்டிவரும் நாலு மாதத்துக்கு அரை வருடக் காசு. ஆகமொத்தம் 1,164 பவுண்டு, அன்றைய விலையில் ஒன்றேகால் லட்சம் ரூபாய்க்கு மேல். விசாக் கட்டணம் அப்போது 524 பவுண்டு, அது தனி. இவ்வளவு கட்டிவிட்டு அம்மா என்ன செய்தார்? இங்கேயே ஒரு மருந்துக்கடையை வாங்கிப் பெட்டியில் வைத்தார். அங்கே டாக்டரைப் பார்க்க நாள் கணக்கில் காத்திருக்க வேண்டுமென்று போனவர்கள் எல்லோரும் சொல்லிவிட்டார்கள். டோலோ, ஜெலுசில், ஓ.ஆர்.எஸ்., ஓமத்திரவம். பல் வைத்தியத்துக்கு அங்கே தனியாக அழ வேண்டும் என்று, வலிக்கவே வலிக்காத ஒரு கடைவாய்ப் பல்லை முன்ஜாக்கிரதையாகப் பிடுங்கி எறிந்துவிட்டுத்தான் அந்தப் பெண் விமானம் ஏறினாள். ஒன்றேகால் லட்சம் கட்டியது போதாமல் ஒரு பல்லும்.

இந்த இடத்தில் ‘அரசு உதவி இருக்கிறதே’ என்று யாராவது சொல்வார்கள். இருக்கிறது. பட்டியல் சாதியினர், நாடோடிப் பழங்குடியினர், நிலமற்ற விவசாயக் கூலிகள் பிள்ளைகளுக்கு ஒன்றிய அரசின் தேசிய வெளிநாட்டு உதவித்தொகை இருக்கிறது. நூற்று நாற்பது கோடிப் பேர் நாட்டில் வருடத்துக்கு 125 இடம். 2025-ல் 106 பேரைத் தேர்ந்தெடுத்துவிட்டு முதலில் 40 பேருக்குத்தான் கடிதம் கொடுத்தார்கள். மற்றவர்களுக்கு, நிதி இருந்தால் பார்க்கலாம் என்று பதில். பிள்ளை பெட்டி கட்டுகிற ஜூலை மாதத்தில் இந்தப் பதில். 2022-ல் இந்தத் திட்டத்துக்கே இன்னொரு விதி சேர்த்தார்கள்: இந்தியப் பண்பாடு, வரலாறு, சமூகம் பற்றிய தலைப்புகளில் படிக்க உதவித்தொகை கிடையாது. சேரியில் பிறந்த பிள்ளை அயல்நாடு போய்ச் சேரி ஏன் உண்டாயிற்று என்று படித்துவிடக் கூடாது. சிறுபான்மைப் பிள்ளைகளின் வெளிநாட்டுக் கல்விக் கடனுக்கு வட்டி மானியம் தந்துகொண்டிருந்த ‘படோ பர்தேஷ்’ திட்டத்தை 2022-23-லேயே மூடியாயிற்று. ‘வெளிநாட்டில் படி’ என்று அர்த்தமாம் அந்தப் பெயருக்கு. படி, ஆனால் வட்டியை நீயே கட்டு.

அரசாங்கங்கள் இரண்டும் கைவிட்டால் ஆண்டவன் இருக்கிறான். பழவந்தாங்கலில் விசா கணபதி கோயில் இருக்கிறது. விமானங்கள் தலைக்கு மேலே இறங்கும் ஊர். பிள்ளையாரின் மடியில் பாஸ்போர்ட்டை வைத்து எடுத்தார்கள். அவர் அப்பாயின்ட்மென்ட் கேட்கவில்லை, 28 நாள் ஸ்டேட்மென்ட் கேட்கவில்லை, இனிஷியல் முன்னாலா பின்னாலா என்றும் கேட்கவில்லை. இந்த மூன்று மாதத்தில் அந்தக் குடும்பத்தை மனுஷராக மதித்த ஒரே அதிகாரி அவர்தான்.

கடைசி வாரம் பெட்டி கட்டும் வைபவம். முப்பத்தெட்டு டிகிரி வெயிலில் தி.நகரில் தெர்மல் பனியனைப் போட்டுப் பார்த்து வாங்கினார்கள். ‘லண்டன் குளிருக்குன்னே ஸ்பெஷல்’ என்று கடைக்காரர் சத்தியம் செய்தார். அவர் தாம்பரம் தாண்டாதவர். எடை பார்க்கப் பெட்டியைக் கொக்கித் தராசில் தூக்க, அப்பா ஒரு பக்கம், தம்பி ஒரு பக்கம். இருபத்து மூன்று கிலோவுக்கு மேல் ஒரு முள் நகரக் கூடாது. புத்தகங்கள் வெளியே வந்தன, பருப்புப்பொடி உள்ளே போனது. படிக்கத்தான் போகிறாள் என்று அந்த நேரத்தில் சொல்லிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. கொப்பரைத் தேங்காய் எண்ணெய்ப் பசை உள்ளது, தீப்பிடிக்கும், சரக்குப் பெட்டியில் கூடாது என்று யாரோ சொல்ல, அது வெளியே. நெய்யும் பால்கோவாவும் பால் பொருள், அந்த ஊர்ச் சுங்கம் விடாது, வெளியே. கறிவேப்பிலையில் பூச்சி வரும் என்று அதற்கும் தடை, வெளியே. வெளியே வந்ததையெல்லாம் பார்த்துவிட்டு எதிர்வீட்டு அம்மாள், “இடம் இருக்கில்ல? எங்க பையனுக்குக் கொஞ்சூண்டு முறுக்குதான்” என்று மூன்று கிலோப் பொட்டலத்தை நீட்டினார். அந்தப் பையன் இருப்பது ஸ்காட்லாந்தில். ஒரே தீவுதானே?

தெருமுனையில் ஃப்ளெக்ஸ் வைத்தார்கள். ‘லண்டன் மாநகரை ஆளப்போகும் எங்கள் குலவிளக்கே!’ பெண்ணின் படம் பாஸ்போர்ட் அளவு. வட்டச் செயலாளர் படம் ஆளுயரம். அவளுடைய கடனுக்கு ஜாமீன் கேட்டு இதே அப்பா அவர் வீட்டு வாசலில் நின்றபோது அவர் ஊரில் இல்லை.

விமான நிலையத்துக்கு வேன் பிடித்துப் பதினாலு பேர் போனார்கள். பாட்டியும் வந்தாள். மீனம்பாக்கத்தில் உள்ளே விடாத கண்ணாடிக்கு வெளியே நின்று எல்லோரும் கையாட்டினார்கள், உள்ளே பெண், பெட்டி எடை அதிகம் என்று முறுக்கை எடுத்து வெளியே வைத்துக்கொண்டிருந்தாள். பார்க்கிங்கில் நேரம் தாண்டியதற்குத் தனியாக ஒரு தண்டம் கட்டிவிட்டு வீடு திரும்பியபோது விடிந்துவிட்டது.

அன்று காலை பத்து மணிக்குக் கன்சல்டன்சியின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் அந்தப் பெண்ணின் படம். பின்னால் பிரிட்டன் கொடி, மேலே ‘எங்கள் அடுத்த வெற்றிக் கதை’. கூடவே அப்பாவுக்குத் தனியாக ஒரு மெசேஜ். “கங்கிராட்ஸ் அங்கிள்! உங்க ரிலேட்டிவ்ஸ், ஃப்ரெண்ட்ஸ் யாராவது பசங்க இருந்தா நம்பர் அனுப்புங்க. ஒரு அட்மிஷனுக்கு ஒரு கிஃப்ட் வவுச்சர்.” நகைக்கடன் வட்டி கட்ட வேண்டிய தேதி நெருங்குகிறது. சின்ன அத்தைக்கு ஒரு மகன் இருக்கிறான், பி.இ. கடைசி வருடம், அவர்களுக்கும் திண்டிவனம் பக்கம் சொந்த வீடு உண்டு. லைன் இன்ஸ்பெக்டர் அவன் நம்பரைத் தேடி எடுத்து அனுப்பிவிட்டார்.